முந்திரித் தோப்புக்கு நடுவில் வீடு: கழித்துப் போட்டதை எரிப்பதா, அரைப்பதா?

கேட்டவர் பண்ருட்டிக்கு மேற்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் பதினைந்து வீட்டுத் தெருக்காரர். கலிபோர்னியாவில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வசிக்கும் அவருடைய அத்தை மகன், "எங்க தெருவுக்குக் கிளை அரைக்கிற மிஷின் வரும். வெட்டிப் போட்டதையெல்லாம் தூளாக்கிட்டுப் போவாங்க. காட்டுத்தீக்கு அதுதான் பாதுகாப்பு" என்றாராம். நம் ஊருக்கும் அது தேவையா, பதினைந்து வீடும் சேர்ந்து ஒன்று வாங்கலாமா, அரைத்த தூளை வீட்டைச் சுற்றிப் பரப்பினால் அதுவே பற்றிக்கொள்ளாதா என்று மூன்று சந்தேகம் கேட்டிருக்கிறார். கருவி வாடகைக்கு விடும் விவசாயிகள் குழு ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தேவைதான். ஆனால் காரணம் வேறு. அவர்கள் ஊரில் தீ காட்டிலிருந்து வீட்டுக்கு வருகிறது. நம் பக்கத்தில் தோப்புத் தீயைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் யாரோ ஒருவர் செத்தையைக் கூட்டிக் கொளுத்தியதில் போய் நிற்கும். அப்படிக் கொளுத்த வேண்டிய தேவையையே இல்லாமல் செய்வதுதான் இங்கே அந்த இயந்திரத்தால் கிடைக்கும் பெரிய லாபம். வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். தூளைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் அத்தை மகன் ஊர்க் கதையை முழுதாகப் பார்த்துவிடலாம். அங்கே ஃபயர் சேஃப் கவுன்சில் என்ற பெயரில் உள்ளூர் அமைப்புகள் பல இருக்கின்றன. வீட்டுக்காரர் முன்கூட்டியே பெயர் பதிந்துவிட்டு, தன் நிலத்தில் இருக்கும் புதரையும் தாழ்ந்த கிளைகளையும் தானே வெட்டி, சாலையோரம் இழுத்து வந்து அடுக்கி வைக்க வேண்டும். தடித்த அடிப்பக்கம் எல்லாம் சாலையைப் பார்த்திருக்க வேண்டும். வேர், மண், கம்பி கலந்திருந்தால் தொட மாட்டார்கள். குறித்த நாளில் வண்டியோடு இழுத்து வரும் இயந்திரம் அந்தக் குவியலை மட்டும் அரைத்துவிட்டுப் போகும். அதாவது வீட்டைக் காப்பாற்றும் வேலையை வீட்டுக்காரர் ஏற்கனவே முடித்துவிட்டார், இயந்திரம் மிச்சத்தை அள்ளுகிறது. கலிபோர்னியாவில் காட்டுத்தீ அபாயம் உள்ள பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புதர் மண்டாமல் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. வெட்டச் சொன்னால் மட்டும் போதுமா, வெட்டியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள்? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

2018 நவம்பர் 8 அன்று அதே மாநிலத்தில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தது. 85 பேர் இறந்தார்கள், 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. பிறகு எடுத்த படங்களில் ஒன்றைக் கவனிக்கலாம்: வீடு சாம்பலாகிக் கிடக்கும், பத்தடி தள்ளி மரம் பச்சையாக நிற்கும். காட்டிலிருந்து சுவர்போல வந்த நெருப்பு எல்லாவற்றையும் விழுங்கியிருந்தால் அந்த மரம் எப்படித் தப்பியது? பறந்து வந்த தீப்பொறி கூரை இடுக்கிலும் வாசல் விறகிலும் விழுந்து வீட்டைப் பிடித்திருக்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் 1990களிலிருந்தே சொல்லிவந்தது இதைத்தான். தீ எவ்வளவு பெரியது என்பதை விட, வீடும் அதைச் சுற்றிய 100 அடியும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே வீட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்றார். காட்டுத்தீ இல்லாத நமக்கும் இது அப்படியே பொருந்தும். பொறி எங்கிருந்து வந்தால் என்ன, விழுகிற இடம்தானே முக்கியம்.

நம் பக்கத்துப் பொறிகளை எண்ணிப் பாருங்கள். மாசி பிறந்தால் முந்திரி கொட்டை விழும் முன் மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்கிறோம், கூட்டியதைக் கொளுத்துகிறோம். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டிய கையோடு சோகைக்கு நெருப்பு வைக்கிறார்கள். வேலியில் மண்டிய வேலிகாத்தானை, அதாவது சீமைக்கருவேலத்தை, வெட்டிப்போட்டு எரிக்கிறார்கள். ரோட்டோரக் குப்பைமேடு தானாகவே புகைந்துகொண்டிருக்கிறது. தென்னை ஓலை மின்கம்பியில் உரசுகிறது. பீடித் துண்டு, வயலில் விட்டுவந்த அடுப்பு, தீபாவளி ராக்கெட். கார்த்திகையில் பையன்கள் மாவலி சுற்றினால் ஊரெல்லாம் பொறி பறக்கும், ஆனால் அது மழைக்காலம், தரை நனைந்திருக்கும், கீற்றுக் கூரை மட்டும்தான் கவலை. கவலைப்பட வேண்டிய காலம் தை கடைசியில் தொடங்கி அக்கினி நட்சத்திரம் தாண்டும்வரை.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் தோப்பில் சருகு தங்காது. முந்திரிச் சுள்ளியும் சவுக்கு மிலாரும் அடுப்புக்குப் போய்விடும், பொறுக்க ஆள் போட்டி போடும். வீட்டுக்கு வீடு காஸ் வந்த பிறகு அதைப் பொறுக்குபவர் குறைந்துவிட்டார்கள். நல்லதுதான், புகையில் வெந்த பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது இப்போது தோப்பில் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கிறது. முந்திரி இலை தடிப்பானது, காய்ந்தால் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் காற்றுக்கு இடம்விட்டுக் கிடக்கும். தீ ஓட இதைவிட நல்ல பாதை கிடையாது. கழிக்காத முந்திரி மரத்தின் கிளை வேறு தரையைத் தொடும். தரையில் ஓடுகிற தீ அந்தக் கிளையைப் பிடித்து மேலே ஏறிவிடும்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலூர், புதுச்சேரிக் கரையில் இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பாதித் தீ கைமீறுகிறது. கோடையில் காலையிலிருந்து மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வறண்ட காற்று. மதியத்தை ஒட்டிக் கடற்காற்று கிளம்பித் தென்கிழக்கிலிருந்து உள்ளே வரும். கடலூரில் முதலில், பண்ருட்டிப் பக்கம் இன்னும் கொஞ்சம் தாமதமாக. காலை பத்து மணிக்கு ஒருவர் செத்தையைக் கொளுத்துகிறார். தீ கிழக்கே ஒரு குறுகிய பட்டையாக ஓடுகிறது, "அந்தப் பக்கம் வண்டிப்பாதைதானே, நின்றுவிடும்" என்று வீட்டுக்கு வருகிறார். மதியம் காற்று திரும்புகிறது. அதுவரை பக்கவாட்டில் சோம்பிக் கிடந்த நீளமான வடக்கு ஓரம் முழுவதும் ஒரே நேரத்தில் தீயின் முகமாகிவிடும். காலையில் பத்தடி அகலத்தில் இருந்த தீ மதியம் நூறடி அகலத்தில் வடமேற்கே கிளம்பும். மேலே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரியும் குவியலும் இப்படித்தான் மதியக் காற்றில் உயிர் பெறும். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதமும் வைத்தது. அபராதத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை. எரிப்பதை விட லேசான வழி கையில் கிடைத்தால் நிறுத்துவார்கள்.

சரி, இயந்திரம் வருவதற்கு முன் செய்ய வேண்டியவை. சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. இது ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. தளம் போட்ட வீடு, எனக்கென்ன என்பவர்களைத்தான் முதலில் எச்சரிப்பேன். வீடு தளம், வாசலில் நிழலுக்குக் கீற்றுப் பந்தல். பக்கத்தில் சார்ப்பு இறக்கி, அதற்குள் விறகு, வறட்டி, உரித்த தேங்காய் மட்டை, யூரியா சாக்கு, டி.வி.எஸ். வண்டி. முந்திரி உடைக்கும் வீடென்றால் தோட்டு மூட்டை வேறு. அந்தத் தோட்டில் இருக்கும் எண்ணெய் பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைப்பது லேசில்லை. ஒரு பொறி பந்தலில் விழுந்தால் ஜன்னல் வழியாகத் தீ உள்ளே போய்விடும், தளம் மட்டும் அப்படியே நிற்கும். ஓட்டு வீட்டில் ஓட்டு மடிப்பில் சேர்ந்த சருகையும் அணில் கூட்டையும் எடுங்கள், கீழே இருப்பது மரச்சட்டம். கல்நார் தகடு எரியாது, ஆனால் சூடேறினால் படபடவென்று வெடித்துச் சிதறும், தீ அணைக்கப் போகிறவர் முகத்தில் அடிக்கும்.

வைக்கோல் போரை 100 அடி தள்ளிப் போட இடமில்லை என்றால் 50 அடியாவது தள்ளுங்கள். திசையும் முக்கியம். மேல்காற்று கிழக்கே தள்ளும், கடற்காற்று வடமேற்கே தள்ளும். இரண்டுக்கும் வீடு தப்ப வேண்டுமானால் போர் வீட்டுக்கு வடக்கிலோ வடகிழக்கிலோ இருக்க வேண்டும். ஈசானிய மூலையில் பாரம் ஆகாது என்று வாஸ்து பார்ப்பவர் சொல்வார். அவரோடு வாதாட வேண்டாம், வடக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு வெளியே முப்பது அடிவரை சருகைக் கூட்டி அகற்றுங்கள், முந்திரியின் தாழ்ந்த கிளைகளைத் தலை உயரத்துக்குக் கழியுங்கள். கழிப்பதை மகசூல் முடிந்த பிறகு ஆடி, ஆவணியில் செய்வதுதான் மரத்துக்கு நல்லது. வெட்டுக்காயத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவாமல் விட்டால் நோய் புகும். அதற்கும் அப்பால், தோப்பு முழுவதையும் பெருக்கி வழித்துவிடாதீர்கள். அந்தச் செம்மண்ணுக்கு அந்தச் சருகுதான் எரு, ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். தோப்பின் எல்லையில் மட்டும் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு ரோட்டவேட்டரோ கலப்பையோ ஓட்டி மண் தெரிய ஒரு பட்டை விட்டால் தரைத்தீ அங்கே நின்றுவிடும். மரத்தடியில் உழாதீர்கள், முந்திரிக்கு மேல்வேர் அதிகம். எனக்குக் கேட்டால், செலவைப் பார்க்கும்போது அரைக்கும் இயந்திரத்தை விட இந்த உழவுப் பட்டைக்குத்தான் முதல் மதிப்பெண்.

பனைமரத்தை மறந்துவிடக்கூடாது. ஏறுவதற்கு ஆள் இல்லாமல் போனதால் பல பனைகள் கழுத்திலிருந்து இடுப்புவரை காவோலை தொங்க நிற்கின்றன. தரைத்தீ அதைத் தொட்டால் மரம் பந்தம்போல எரிந்து, ஓலைத் துணுக்குகளைத் தொலைதூரத்துக்கு வீசும். பனையை வெட்ட இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும், வெட்டவும் வேண்டாம். மாசிக்குள் காவோலையைக் கழித்து இறக்கினால் போதும்.

இப்போது இயந்திரம். ஒரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: இது சருகுக்கான கருவி இல்லை. காய்ந்த இலையைக் கொட்டினால் புழுதிதான் கிளம்பும். சருகுக்கு ஒரு குழி, சாணிக்கரைசல், மேலே கொஞ்சம் மண், அவ்வளவுதான். இயந்திரம் வேண்டியது கிளைக்கும் மட்டைக்கும். டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் இணைத்து ஓட்டும் தென்னை மட்டை தூளாக்கும் கருவிதான் நம் பக்கம் பொருத்தம். தனி பெட்ரோல் இன்ஜினோடு வரும் சிறிய ரகங்கள் மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் திணறும். முந்திரிக் கிளையும் சவுக்கு மிலாரும் சுலபமாகப் போகும். தென்னை மட்டை போகும், ஆனால் நார் சுற்றிக்கொள்ளும், இடையிடையே நிறுத்தி எடுக்க வேண்டும். பனை மட்டையின் கருக்கு கத்தியைத் தின்றுவிடும். அதைத் தனியாக வைத்து வேலிக்கோ விறகுக்கோ பயன்படுத்துங்கள். வேலிகாத்தானைப் பச்சையாக இருக்கும்போதே அரைக்க வேண்டும், காய்ந்தால் இரும்பு. அதன் காயை மட்டும் பொறுக்கி விலக்குங்கள், இல்லாவிட்டால் தூளோடு விதையையும் தோப்பெல்லாம் நீங்களே விதைத்ததாகிவிடும். தொடைப் பருமனுக்கு மேலான கட்டைகளை அரைக்கவே வேண்டாம், விறகுக் கடையில் காசு கிடைக்கும்.

பதினைந்து வீடு சேர்ந்து செய்வதில் தொழில்நுட்பத்தை விட மனிதர்கள்தான் சிக்கல். இரண்டு இடத்தில் சண்டை வரும். ஒன்று, குவியல். தெருவோரம் ஒருவர் மாசியில் வெட்டிப் போடுவார், இயந்திரம் பங்குனியில் வரும், அதுவரை தெரு நெடுக இரண்டு பக்கமும் காய்ந்த கிளை. பாதுகாப்புக்காக ஆரம்பித்து ஊருக்கே திரி போட்டுவைத்த கதையாகிவிடும். தேதி உறுதியான பிறகுதான் வெட்ட வேண்டும், குவியல் ஒரு வாரத்துக்கு மேல் தெருவில் இருக்கக்கூடாது. தோள் உயரத்துக்கு மேல் அடுக்கக்கூடாது, மின்கம்பிக்கு அடியில் கூடாது, அடிப்பக்கம் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். சிக்கிக் கிடக்கும் கிளையை உருவி எடுப்பதில்தான் நேரம் போகும், நேரம்தான் வாடகை. உங்கள் அத்தை மகன் ஊர்க்காரர்கள் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, காசு. வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் நாலு தென்னை வைத்திருப்பவர் முணுமுணுப்பார். நாலு ஏக்கர் தோப்புக்காரர் தன் தோப்புக் கிளையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார். ஒரு நோட்டு, ஒரு ஆள், ஒவ்வொரு குவியலுக்கும் ஆரம்பித்த மணி, முடித்த மணி. முதல் அரைமணி எல்லோருக்கும் பொதுப்பணத்தில், அதற்கு மேல் அவரவர் கணக்கு. எங்கள் குழுவில் கடைசியாக இதற்குத்தான் வந்து சேர்ந்தோம், பிறகு சத்தம் குறைந்தது. எந்த வீட்டில் முதலில் தொடங்குவது என்பதற்கும் என் யோசனை ஒன்று உண்டு: கீற்று வீட்டுக்கும் தனியாக இருக்கும் வயதானவர் வீட்டுக்கும் முதல் முறை. அவர்களுக்கு வெட்டி இழுத்துப்போட இளவட்டங்கள் இரண்டு பேர் போகட்டும். வரிசையில் ஒரு கூரை பிடித்தால் பக்கத்துத் தள வீட்டு ஜன்னலும் தாங்காது என்பதால் இதில் தர்மம் பாதி, சுயநலம் பாதி.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். வேட்டி, லுங்கி, கழுத்துத் துண்டு, சேலை முந்தானை, கையில் கயிறு, இவற்றோடு யாரும் இயந்திரத்தின் வாய்க்கு அருகில் வரக்கூடாது. பேன்ட், இறுக்கமான சட்டை, ஷூ, கண்ணாடி. கிளையின் அடிப்பக்கத்தை முதலில் உள்ளே விட்டு, இயந்திரம் பிடித்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் கவட்டைக் கிளை திரும்பி முகத்தில் அடிக்கும், இல்லை கையோடு இழுக்கும். கடைசித் துண்டைக் குச்சியால் தள்ளுங்கள், காலால் ஒருபோதும் வேண்டாம். அடைத்துக்கொண்டால் இன்ஜினை நிறுத்தி, சாவி அடைப்பு எடுப்பவர் பையில் இருக்க வேண்டும். சக்கரம் தானாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாத வண்டி வந்தால் வாடகை மிச்சம் என்று பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள். நிறுத்தும் லீவர் பக்கத்தில் வேறு வேலை எதுவும் இல்லாத ஒருவர் நிற்கட்டும். பச்சை முந்திரியின் பால் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும், கையுறை வேண்டும். இன்ஜின் சூட்டில் தூள் பற்றுவதும் உண்டு, எனவே இரண்டு குடம் தண்ணீர் பக்கத்தில், வேலை காலையில், மதியக் காற்றுக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

மூன்றாவது சந்தேகம், தூள் பற்றாதா? பற்றும். ஆனால் கிளைக் குவியல் எரிவதுபோல் எரியாது. குவியலுக்குள் காற்று தாராளம், அதனால் ஆளுயரத்துக்கு ஜுவாலை எழும், பொறி பறக்கும். தூள் தரையோடு படிந்து கிடக்கும், காற்று உள்ளே போகாது. தீப்பிடித்தாலும் கனன்று மெல்ல நகரும், ஒரு மண்வெட்டியும் நாலு குடம் தண்ணீரும் போதும். ஆபத்து அது சுவரையோ மரக்கதவையோ தொட்டுக்கொண்டு கனல்வதில்தான். அதனால் அந்த ஐந்தடிக்குள் தூள் கூடாது. செம்மண் பூமிக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: கறையான். சுவரை ஒட்டி மரத்தூளைக் கொட்டுவது நிலைக்கதவுக்குக் கறையானை விருந்துக்கு அழைப்பது.

இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் கனமாகப் போடாதீர்கள். தென்னைக்கு அடிமரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஆறடி வட்டப் பாத்தியில், முந்திரிக்கு வரிசைகளுக்கு நடுவில். மண்ணோடு கலந்து உழாமல் மேலாகவே கிடக்கட்டும், கலந்தால் மட்கும்வரை பயிருக்கான தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். எல்லாத் தூளையும் ஒரே மலையாகக் குவித்து வைப்பது இரண்டு விதத்தில் தவறு. ஈரத்தூள் பெரிய குவியலில் உள்ளே தானாகவே சூடேறும். அப்புறம், மட்கும் தென்னைக் குவியல் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. தோப்பைத் தீயிலிருந்து காப்பாற்றி வண்டுக்குக் கொடுத்த கதையாகும். குவித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இடுப்பு உயரத்தோடு நிறுத்தி, வண்டின் புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் கலந்து, அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

"வருஷத்துக்கு ஒரு நாள் வேலைக்கு இத்தனை பாடா" என்று தெருவில் யாராவது கேட்டால் புயலைச் சொல்லுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அடிமரத்தை வியாபாரி எடுத்துக்கொண்டு போனார். கிளையும் தழையும் அடுத்த கோடையில் காய்ந்து கிடந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. நம் கரையில் புயலும் கோடைத் தீயும் சேர்ந்த விஷயம்தான். மார்கழியில் விழுந்ததைத் தையில் அரைக்காவிட்டால் சித்திரையில் அது எரிபொருள். பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுப் பக்கத்துத் தென்னைக்காரர்களுக்கும் இது பொருந்தும். ஆரோவில் பக்கம் கத்திச் சவுக்கு (அக்கேசியா வகை மரம்) அதிகம். அதன் சருகு லேசில் மட்காமல் அடுக்கடுக்காகச் சேரும், அங்கே வீடு கட்டியிருப்பவர்கள் முந்திரித் தோப்புக்காரர்களை விடவும் கவனமாக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தீ வந்துவிட்டால்: முதலில் 101. அல்லது 112. ஊர் பெயரை மட்டும் சொல்லாமல் பெரிய வண்டி எந்தப் பாதையில் நுழைய முடியும் என்பதையும் சொல்லுங்கள், ஒருவரை மெயின்ரோட்டில் நிறுத்துங்கள். தோப்புக்குள் இருக்கும் தெருக்களில் வண்டி வழி தேடியே நேரம் போகிறது. மோட்டார் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். தீ நேரத்தில் மின்சார லைன் நிறுத்தப்படும், மோட்டார் ஓடாது. கோடை முழுக்க இரண்டு பிளாஸ்டிக் டிரம் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். மாட்டின் கயிற்றை அவிழ்க்க நேரம் பார்க்காமல் அறுத்துவிடுங்கள். கட்டிய மாடு தானாகத் தப்பாது. காஸ் சிலிண்டரை வெளியே கொண்டுபோகப் பாதை இருக்கும்போதே கொண்டுபோங்கள், பாதை அடைபட்ட பிறகு அதைத் தேடிப் போகாதீர்கள். தோப்புத் தீயைத் தழை அடித்து அணைப்பவர்கள் ஏற்கனவே எரிந்து கருகிய பக்கத்தில் நின்று அடிக்க வேண்டும், தீ போகும் திசையில் முன்னால் நிற்கக்கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, காய்ந்த புல்லில் தீ மனிதர் ஓட்டத்தை முந்தும் என்பதை அது காட்டியது. சமவெளி என்பதால் இங்கே அந்த வேகம் இராது, ஆனால் மதியக் காற்று இருக்கிறது. கம்பியில் ஓலை உரசினால் பொறி விழும்வரை காத்திராமல் தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987இல் சொல்லிவிடுங்கள். புதுச்சேரிக்காரர்கள் தங்கள் பகுதி மின்துறை அலுவலகத்தில் சொல்ல வேண்டும்.

கடைசியாக, வாங்குவதா வாடகையா. பதினைந்து வீட்டுக்கு வருடத்தில் சில நாள்தான் வேலை. மற்ற நாளெல்லாம் இயந்திரம் யாரோ ஒருவர் கொட்டகையில் துருப்பிடிக்கும், கத்தி தீட்டுவது யார் பொறுப்பு என்று பேச்சு வரும். உழவன் செயலியில் இ-வாடகைப் பகுதி இருக்கிறது, வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலும் நேரில் கேட்கலாம். அங்கே மட்டை தூளாக்கும் கருவி அந்த நேரத்தில் இல்லையென்றால் தனியார் வாடகை மையங்களை அவர்களே சொல்வார்கள். சுற்றியுள்ள நாலைந்து ஊர்களும் சேர்ந்து, டிராக்டர் வைத்திருக்கும் ஒருவர் பொறுப்பேற்றால் மட்டும் வாங்குவதைப் பற்றிப் பேசுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் உண்டு, குழுவாக வாடகை மையம் அமைப்பதற்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. இந்த வருடத்துக்கு, பொங்கல் முடிந்த வாரமே நாளைக் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள். மாசி பாதிக்கு மேல் தென்னைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், கருவி உங்கள் தெருவுக்கு வரும்போது கொட்டையே விழத் தொடங்கியிருக்கும்.